உள்ளுறை: தோற்றுப்போன ஒரு லிபரலின் உரை

(நியூ ஜெர்சியில் தமிழ் வாசகர்கள் கூடிய ஓர் அரங்கில், 2025 பிப்ரவரி இறுதியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, வாசக நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கத் தேர்தலைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, அரசியல் அறிவியலை முறையாகப் படித்தவர்கள் நம்மிடையே மூன்று பேர் இருக்கும்போது, மருந்துக் கம்பெனியில் வேதியியல் பார்த்து ஓய்வு பெற்ற என்னை எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். “அவர்கள் படித்தவர்கள், நீங்கள்தான் தோற்றவர்” என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2000 தொடங்கி 2024 வரை ஏழு அதிபர் தேர்தல்களில் வாக்களித்திருக்கிறேன். ஏழிலும் ஜனநாயகக் கட்சிக்கே போட்டேன். நான்கில் தோற்றேன். செயலாளர் சொன்னது சரிதான். இந்தத் தலைப்புக்கு எனக்குத் தகுதி உண்டு.

என் முதல் வாக்கின் கதையே விசித்திரமானது. அல் கோர் நாடு முழுவதும் எதிராளி ஜார்ஜ் புஷ்ஷைவிட ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்றார், பெற்றும் தோற்றார். ஃபுளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசம். வாக்கு அட்டையில் துளை முழுதாக விழுந்திருக்கிறதா, பாதியில் தொங்குகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த அதிகாரிகளை அந்த மாதம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தோம். டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்து அந்தக் கூத்தை முடித்துவைத்தது. ஊரிலிருந்து அப்பா போனில் கேட்டார்: “அதிக ஓட்டு வாங்கினவன் எப்படிடா தோத்தான்?” ஐம்பது மாநிலங்களுக்கும் தலைநகருக்கும் சேர்த்து 538 தேர்வாளர்கள், அதில் 270 பெற்றால் வெற்றி, ஓரிரண்டு மாநிலங்களைத் தவிர மற்ற எங்கும் ஒரு வாக்கு முந்தினாலே அந்த மாநிலத்துத் தேர்வாளர்கள் அத்தனை பேரும் முந்தியவருக்கே என்று, ஒரு நிமிடத்துக்கு இத்தனை சென்ட் என்று காலிங் கார்டு தேய்ந்துகொண்டிருக்க, அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, நீ சொன்னா சரி” என்றார். அவர் நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது. விளக்கம் சொல்லி ஒருவரை நம்பவைக்க முடியாமல் போவது அரசியலில் எனக்கு அப்போதுதான் முதல் முறை. அதற்குப் பிறகு பழகிவிட்டது.

தலைப்பில் உள்ள ‘லிபரல்’ என்ற சொல்லைத் தமிழாக்கலாமா என்று யோசித்தேன். ‘தாராளவாதி’ என்று போட்டால், பர்ஸைத் திறந்து வைத்திருப்பவன் என்று பாதிப் பேரும், 1991-இல் இந்தியச் சந்தையைத் திறந்துவிட்ட கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று மீதிப் பேரும் நினைத்துக்கொள்வீர்கள். இங்கே அதன் பொருள் ஏறக்குறைய எதிர்த்திசையில் இருக்கிறது: வேலை போனவருக்கும் நோயாளிக்கும் அரசு கைகொடுக்க வேண்டும், அடுத்தவர் படுக்கையறைக்குள்ளும் பூஜையறைக்குள்ளும் அது எட்டிப்பார்க்கக் கூடாது என்று நினைப்பவர் லிபரல். அந்தச் சொல்லைச் சொல்லிக்கொள்ளவே எங்களுக்கு வெட்கமாக இருந்த காலம் உண்டு. 1988-இல் மூத்த புஷ்ஷின் தரப்பு, வெளியில் சொல்லக்கூடாத ஏதோ வியாதியின் பெயர்போல ‘எல்லில் தொடங்கும் அந்தச் சொல்’ என்றே கேலி பேசிக்கொண்டிருந்தது. எங்கள் வேட்பாளர் டுகாக்கிஸ் அதைத் தட்டிக்கழித்துக்கொண்டே வந்து, தேர்தலுக்குப் பத்து நாள்கூட இல்லாத நிலையில், ரூஸ்வெல்ட், ட்ரூமன், கென்னடி வழியில் வந்த லிபரல்தான் நான் என்று ஒப்புக்கொண்டார். நாற்பது மாநிலங்களில் தோற்றார்.

தோல்வியை எங்களைப்போல் அழகாக ஏற்பவர்கள் இல்லை என்பதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. 1952-இல் ஐசன்ஹோவரிடம் தோற்ற அட்லாய் ஸ்டீவன்சன், தோல்வியை ஒப்புக்கொண்ட உரையில் லிங்கன் சொன்ன கதை ஒன்றைச் சொன்னார்: இருட்டில் கால் விரலை இடித்துக்கொண்ட பையனிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்களாம், அழும் வயது தாண்டிவிட்டது, சிரிக்கலாம் என்றால் வலி விடவில்லை என்றானாம். அவ்வளவு நயமாகத் தோற்றவரை எங்கள் கட்சி 1956-இல் மறுபடியும் நிறுத்தியது. மறுபடியும் அதே ஐசன்ஹோவரிடம் தோற்றார். 1972-இல் மெக்கவர்னும் 1984-இல் மாண்டேலும் ஆளுக்கு 49 மாநிலங்களைப் பறிகொடுத்தார்கள். இந்த வலி எப்போது போகும் என்று மாண்டேல் மெக்கவர்னிடம் கேட்டதாகவும், “போனதும் சொல்கிறேன்” என்று அவர் பதில் சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. எனக்குப் பிடித்தவர் டிக் டக். 1966-இல் கலிஃபோர்னியா மாநில செனட்டுக்கு நின்று தோற்ற அன்று இரவு அவர் சொன்னது இவ்வளவுதான்: “மக்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள், பாவிகள்!” மூலத்தில் இருந்த சொல் இதைவிடக் காரமானது, சபையில் பெரியவர்கள் இருப்பதால் பாவிகளோடு நிறுத்திக்கொள்கிறேன். மற்றவர்கள் நாகரிகமாகச் சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது டிக் டக்கின் அந்த ஒரு வாக்கியம்தான் என்பது என் சந்தேகம். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் 2024-இன் கணக்கு. டிரம்ப் ஏறத்தாழ 7.73 கோடி, கமலா ஹாரிஸ் ஏறத்தாழ 7.5 கோடி. விழுக்காட்டில் 49.8-க்கு 48.3. தேர்வாளர் எண்ணிக்கையில் 312-க்கு 226. இழுபறி என்று சொல்லப்பட்ட ஏழு மாநிலங்களும் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அந்தப் பக்கம் போயின. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து இடைவெளி சுமார் 2.3 லட்சம் வாக்குகள். அந்த மூன்றும் வந்திருந்தால் சரியாக 270; ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தூக்கம் வராத இரவுகளில் போட்டுப் பார்க்க உகந்த கணக்கு. 2016-இல் எங்களுக்கு ஆறுதலாக ஒன்று இருந்தது: ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் 28 லட்சத்துக்கு மேல் கூடுதல் வாக்குகள் பெற்றிருந்தார், பழியை அரசியல் சாசனத்தை எழுதியவர்கள்மீது போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம். இந்த முறை அந்த வசதியும் இல்லை. 2004-க்குப் பிறகு குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் மொத்த வாக்கிலும் முந்தியது இப்போதுதான். பணத்தையும் குறை சொல்ல முடியாது. எலான் மஸ்க் தன் கையிலிருந்து 25 கோடி டாலருக்கு மேல் கொட்டினார், பென்சில்வேனியாவில் மனுவில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு நாளொன்றுக்குப் பத்து லட்சம் டாலர் என்று பரிசுச் சீட்டுக் கடையே திறந்தார் என்பதெல்லாம் உண்மை. ஆனால், 107 நாளில் 100 கோடி டாலருக்கு மேல் திரட்டிய கட்சி, பணம் தோற்கடித்துவிட்டது என்று புலம்பினால் கேட்பவர் சிரிப்பார்.

அது ஏன் 107 நாள் என்ற கேள்விக்கு நானும் கொஞ்சம் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். பைடனுக்கு வயதாகிவிட்டது என்று என் மைத்துனர் 2023-லேயே சொன்னார். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும், நடை தளர்ந்திருக்கிறது, அறிவு தளரவில்லை என்று விருந்துச் சாப்பாட்டின் நடுவில் அவரோடு சண்டை போட்டேன். 2024 ஜூன் 27 இரவு, டிரம்ப்போடு பைடனின் அட்லாண்டா விவாதம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மைத்துனரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு மட்டும் வந்தது. ஜூலை 21-ஆம் தேதி பைடன் போட்டியிலிருந்து விலகினார், அவருக்குப் பதில் நின்ற கமலாவுக்குத் தேர்தல்வரை மிஞ்சியது 107 நாள். ஊருக்கெல்லாம் தெரிந்ததைத் தெரியாததுபோல் காட்டிக்கொள்வதற்கு ஒழுக்கம் என்றும் ஒற்றுமை என்றும் நாங்கள் பெயர் வைத்திருந்தோம்.

அதன் பிறகு வந்தது மகிழ்ச்சிக் காலம். எங்களைப் பிடித்த மயக்கத்துக்கு இரண்டு சான்றுகள் போதும். 2003 பிப்ரவரி 15 அன்று, எலும்பு உறையும் குளிரில், இராக் போரை எதிர்த்து நியூயார்க் தெருக்களில் நின்றவர்களில் நானும் ஒருவன். அன்று எங்கள் அட்டைகளில் அதிகம் திட்டு வாங்கிய பெயர்களில் ஒன்று, அப்போது குடியரசுக் கட்சியின் துணை அதிபராக இருந்த டிக் செய்னி. 2024 செப்டம்பரில் அதே செய்னி கமலா ஹாரிஸுக்கு வாக்களிப்பேன் என்று அறிவித்தபோது, சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் முதலில் கைதட்டியவனும் நான்தான். செய்னியே நம் பக்கம் வந்துவிட்டார், இனி யார் பாக்கி என்று பூரித்தேனே தவிர, செய்னி வந்துவிட்டதைப் பார்த்து எவரெவர் எழுந்து போவார்கள் என்று யோசிக்கவில்லை. இரண்டாவது சான்று அயோவா. தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, அந்த மாநிலத்தில் பல ஆண்டுகளாகத் துல்லியத்துக்குப் பெயர்பெற்ற ஆன் செல்சரின் கருத்துக்கணிப்பு, ஹாரிஸ் மூன்று புள்ளி முன்னணி என்றது. அயோவாவே நமக்கென்றால் அமெரிக்காவே நமக்கு என்று மூன்று நாள் மிதந்தோம். டிரம்ப் அங்கே 13 புள்ளிகளில் வென்றார். இத்தனைக்கும் நான் பிழைப்பு நடத்தியது ஆய்வுக்கூடத்தில். நமக்குப் பிடித்த முடிவு வந்தால்தான் கருவியை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும் என்று இளையவர்களுக்குப் பாடம் நடத்தியவன்.

இனி, நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

அக்டோபரில் சனிக்கிழமைதோறும் எங்கள் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் கார்களில் கிளம்பி, டெலவேர் ஆற்றைக் கடந்து பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுன்டிக்கு, நம்மூர் மாவட்டம் மாதிரி, போய்க் கதவு தட்டுவோம். ட்ரென்டனில் ஆற்றைக் கடக்கும்போது பக்கத்துப் பாலத்தில் பெரிய எழுத்துகளில் ஒரு வாசகம் தெரியும்: ‘ட்ரென்டன் செய்கிறது, உலகம் எடுத்துக்கொள்கிறது.’ புரூக்ளின் பாலத்தைக் கட்டிய ரோப்ளிங் குடும்பத்தின் கம்பிவட ஆலை ஓடிய காலத்துப் பெருமிதம் அது. ஆலை போய்விட்டது, இரவானால் எழுத்துகள் மட்டும் சிவப்பாக எரிகின்றன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் லெவிட்டவுன். 1950-களில் லெவிட் என்ற கட்டடக்காரர், அருகில் வந்த யூ.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் ஃபேர்லெஸ் எஃகு ஆலைத் தொழிலாளர்களையும் மனத்தில் வைத்து, அச்சில் வார்த்தாற்போல் ஆயிரக்கணக்கில் வீடுகளைக் கட்டி உருவாக்கிய ஊர். 1957-இல் முதல் கறுப்பினக் குடும்பம் குடிவந்தபோது இதே தெருக்களில்தான் கும்பல் கூடிக் கல்லெறிந்தது. அந்த ஊரின் பகுதி ஒன்றுக்குள் போனால் எல்லாத் தெருப்பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்கும். வழி தவறியவன் தப்பிக்கவே முடியாது. அந்த அக்டோபர் முழுவதும் அங்கே ஒரு தூறல்கூட இல்லை. காய்ந்த இலைகள்மீது காலை வைத்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம்.

எங்கள் கையில் மினிவேன் என்ற செயலி. எந்த வீட்டில் யார், என்ன வயது, எந்தக் கட்சியில் பதிவு என்று அது சொல்லும். மணியை அழுத்தினால் பாதி வீடுகளில் மணியில் உள்ள கேமராதான் நம்மைப் பார்க்கும், கதவு திறக்காது. பயிற்சியில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். பென்சில்வேனியாவில் தபால் வாக்கு போடுபவர் சீட்டை நிரப்பி, அதை முதலில் உள் உறையில் வைத்து ஒட்ட வேண்டும். பிறகு அந்த உறையை வெளி உறையில் வைத்துக் கையெழுத்திட்டுத் தேதி எழுத வேண்டும். உள் உறை இல்லாமல் வந்த சீட்டுக்கு இங்கே ‘நிர்வாண வாக்கு’ என்று பெயர், அது எண்ணப்படாது. “வேறு எதைச் சொல்ல மறந்தாலும் பரவாயில்லை, இரண்டு உறைகளைப் பற்றிச் சொல்ல மறக்காதீர்கள்” என்றாள், பேத்தி வயதுடைய எங்கள் பயிற்சியாளர்.

எண்பதை நெருங்கிய ஒருவர் கதவைத் திறந்தார். ஈகிள்ஸ் கால்பந்து அணியின் தொப்பி. எஃகு ஆலையில் 1990-களின் தொடக்கத்தில் உலைகள் அணையும்வரை வேலை பார்த்தவர்; அவர் அப்பாவும் அங்கேதான். பதிவு ஜனநாயகக் கட்சி என்றது செயலி. வலைக்கதவு வழியாகச் சமையலறை மேசை தெரிந்தது. அதன்மேல் உப்புக் குப்பிக்கு அடியில் தபால் வாக்கின் கவர் பிரிக்காமல் கிடந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன். யாருக்கு வாக்களிக்க உத்தேசம் என்று கேட்டேன். இன்னும் முடிவு செய்யவில்லை என்றார். “முட்டை விலை பார்த்தீர்களா?” என்றும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் என் நுனிநாக்கில் இருந்தது. 2022 ஜூனில் 9.1 விழுக்காடாக இருந்த பணவீக்கம் இப்போது 2.4-க்கு இறங்கிவிட்டது என்றேன். “இறங்கிவிட்டதா? விலை இறங்கிவிட்டதா?” என்றார். விலை இறங்கவில்லை, விலை ஏறும் வேகம் இறங்கியிருக்கிறது என்று திருத்தினேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “அப்படியானால் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது” என்றார். மெதுவாக ஏறுகிறது என்றேன். முட்டைக்குப் பறவைக் காய்ச்சல் காரணம், கோடிக்கணக்கில் கோழிகளை அழிக்க வேண்டியதாயிற்று, இது அதிபர் கையில் இல்லை, மற்றப் பணக்கார நாடுகளோடு ஒப்பிட்டால் நம் பொருளாதாரம் நன்றாகவே மீண்டிருக்கிறது என்று அடுக்கினேன். ஒவ்வொன்றும் உண்மை. நடுவில் ஒரு முறை அவர், “குளிர்பதனப் பெட்டியின் கதவில் ரசீதெல்லாம் ஒட்டி வைத்திருக்கிறேன், நாலு வருடத்து ரசீது, பார்க்கிறீர்களா?” என்று கேட்டார். நேரமில்லை, பட்டியலில் இன்னும் முப்பது வீடுகள் இருக்கின்றன என்றேன். ஆனால், பேசுவதற்கு மேலும் பத்து நிமிடம் எனக்கு நேரம் இருந்தது. துண்டறிக்கையில் எதையோ படித்துக் காட்டுவதற்காக மூக்குக்கண்ணாடியை மாட்டினேன், படித்தேன், கழற்றி அவர் வாசல் நாற்காலியின் கைப்பிடிமேல் வைத்தேன். விடைபெற்றுக்கொண்டு தெருமுனைக்கு வந்தபோது, நன்றாகப் பேசினோம் என்ற திருப்தி இருந்தது. கண்ணாடி இல்லை என்பது அன்று மாலை வரை தெரியவில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகுதான் இன்னொன்றும் உறைத்தது: உறைகளைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பக்ஸ் கவுன்டியை டிரம்ப் சுமார் 300 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1988-க்குப் பிறகு அந்தக் கவுன்டி அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்குப் போனது அதுவே முதல் முறை.

தோற்ற மறுநாளே எங்கள் தரப்பில் பரவிய விளக்கம் உங்களுக்குத் தெரியும்: மக்கள் ஏமாந்துவிட்டார்கள், பொய்ச்செய்தியில் விழுந்துவிட்டார்கள், ஒரு பெண்ணை, அதுவும் கறுப்பும் பழுப்பும் கலந்த ஒரு பெண்ணை, ஏற்க மனம் வரவில்லை. கடைசிக் காரணத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. சில கதவுகளில் அதைக் காதால் கேட்டேன். ஆனால், டிக் டக்கின் பாவிகள் என்ற சொல்லையே முனைவர் பட்ட மொழியில் சொல்கிறோமோ என்று ஐயம் எழும்போதெல்லாம் மிசூரி மாநிலத்தை நினைத்துக்கொள்கிறேன். அங்கே டிரம்ப்புக்கு 58 விழுக்காட்டுக்கு மேல். அதே நாள், அதே சீட்டில், கருக்கலைப்பு உரிமையை மாநிலச் சாசனத்தில் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு ஏறத்தாழ 52 விழுக்காடு பேர் ‘ஆம்’ என்றார்கள். குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக்கி, நோய்க்கு ஊதியத்தோடு விடுப்பும் தர வேண்டும் என்ற கேள்விக்கு 57 விழுக்காட்டுக்கு மேல் ‘ஆம்’. இரண்டும் நாங்கள் ஆண்டுக்கணக்கில் தொண்டை வறளப் பேசியவை. எங்கள் வேட்பாளருக்கோ அங்கே 40 விழுக்காடு.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர் சாம்பார் நன்றாக இருக்கிறது, பொரியலும் பாயசமும் நன்றாக இருக்கின்றன என்று இலையைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, பரிமாறியவரை மட்டும் இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொன்னால், சாப்பிட்டவருக்கு நாக்கு செத்துவிட்டது என்றா சொல்வோம்? பரிமாறியவர் என்ன செய்தார் என்று கேட்போம். ஒருவேளை, ஒவ்வொரு கரண்டிக்கும் அதன் சத்து விவரத்தைச் சொல்லிக்கொண்டே பரிமாறியிருப்பார். வட கரோலினாவிலும் இதே கதைதான்: அதிபருக்கு டிரம்ப், ஆளுநருக்கு எங்கள் கட்சியின் ஜாஷ் ஸ்டைன், ஒரே சீட்டில். இவர்களைப் படிக்காதவர்கள் என்று சொல்வது எளிது. படித்தவர்கள் கட்சி என்று நாங்கள் பெயரெடுத்ததும், படிக்காதவர்கள் எங்களைவிட்டுப் போனதும் தனித்தனி நிகழ்ச்சிகள்போல் பேசிக்கொண்டிருக்கிறோம். தொழிலாளர்களைக் கைவிட்ட கட்சியைத் தொழிலாளர்கள் கைவிட்டதில் வியப்பில்லை என்று தேர்தல் முடிந்த மறுநாளே இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் அறிக்கை விட்டார். கட்சிப் பெரியவர்களுக்குக் கோபம் வந்தது. லெவிட்டவுனில் கதவு தட்டிய எனக்கு வரவில்லை.

இன்னொரு நம்பிக்கையும் உடைந்தது. குடியேறிகள் பெருகப் பெருக வெற்றி தானாகக் கனிந்து எங்கள் மடியில் விழும் என்று இருபது ஆண்டுகளாக எங்களுக்கு வரைபடம் போட்டுக் காட்டினார்கள். டெக்சஸில், மெக்சிகோ எல்லையில் உள்ள ஸ்டார் கவுன்டியில் ஏறத்தாழ எல்லாரும் ஹிஸ்பானியர். 1892-க்குப் பிறகு முதல் முறையாக அது குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தது. மிச்சிகனில் அரபு அமெரிக்கர் நிறைந்த டியர்பார்ன் நகரில், காசா போரால் மனம் வெந்தவர்கள் பலர் மூன்றாவது வேட்பாளர் பக்கம் போக, டிரம்ப் முதலில் வந்தார். நம் நியூ ஜெர்சியில் பைடன் 16 புள்ளி வித்தியாசத்தில் வென்ற இடத்தில் ஹாரிஸ் ஆறு புள்ளிக்குள் தேறினார். நம்மவர்களைச் சொல்லவே வேண்டாம். இந்த அரங்கிலேயே யார் யார் எப்படி வாக்களித்தீர்கள் என்று எனக்குத் தெரியும், பொங்கல் விழாவில் நீங்களே சொன்னீர்கள். மன்னார்குடிக்குப் பக்கத்தில், கமலாவின் தாத்தா கோபாலனின் ஊரான துளசேந்திரபுரத்தில் கோயிலில் பூஜை நடந்ததைப் படித்து நெகிழ்ந்தோம். அதே வாரம், பாலக்காட்டுப் பெற்றோருக்குப் பிறந்து, தமிழும் பேசும் விவேக் ராமசாமி டிரம்ப்புக்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். துளசேந்திரபுரத்து அய்யனாருக்கு பென்சில்வேனியாவில் வாக்கு இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும், 19 தேர்வாளர்கள்.

ஒரு விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது எங்களை அவ்வளவு வாட்டியது. ‘கமலா அவர்களுக்காக, டிரம்ப் உங்களுக்காக’ என்பது அதன் கடைசி வரி. ஆணென்றும் பெண்ணென்றும் சொல்லிக்கொள்ளாத ஒருவரை ஆங்கிலத்தில் பன்மையில் குறிப்பிடும் வழக்கத்தைக் குத்திக்காட்டும் வரி அது. கால்பந்து ஆட்டத்தின் நடுவே நூறு முறை பார்த்தேன். தமிழனாக எனக்கு ஒரு விசித்திரமான எண்ணம் வந்தது: ஒருவரை ‘அவர்’ என்று பன்மையில் சொல்வதும், அந்தச் சொல்லில் ஆணா பெண்ணா என்று காட்டாமல் விடுவதும் நமக்கு எத்தனையோ நூற்றாண்டுப் பழக்கம், அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் மரியாதை. எங்கள் கட்சியினர் அதை மரியாதை என்ற ஒற்றைச் சொல்லில் விளங்கவைக்காமல், படிவம் நிரப்பும் விதிமுறைபோல் ஆக்கிவிட்டார்கள். அதற்காக, அந்தச் சிறுபான்மையினரை அடுத்த தேர்தல்வரை ஓரமாக நிற்கச் சொல்லலாம் என்று இப்போது சில ஆலோசகர்கள் பேசுவதை நான் ஏற்கவில்லை. பந்தியில் ஆளைக் குறைத்துச் சிக்கனம் பிடிப்பது விருந்தாகாது.

டிரம்ப் பதவியேற்ற நாளிலேயே, 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கலவரக்காரர்கள் ஏறத்தாழ 1,500 பேருக்கு மன்னிப்பு வந்தது. விசாவில் இருக்கும் பெற்றோருக்கு இங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்ற ஆணையும் வந்தது. மூன்றே நாளில் சியாட்டிலில் ஒரு கூட்டாட்சி நீதிபதி ஆணையை நிறுத்திவைத்தார். அன்று இரவு, டிரம்ப்புக்கு வாக்களித்த நண்பர் ஒருவர் எனக்குப் போன் செய்து, எச்-1பி-யில் இருக்கும் தன் மகளுக்கு மே மாதம் பிரசவம், இந்த ஆணை நிற்குமா நிற்காதா என்று கேட்டார். ‘நான் அப்போதே சொன்னேனே’ என்ற வாக்கியம் தொண்டைவரை வந்தது. அதைப்போன்ற சுவையான வாக்கியம் தோற்றவனுக்கு வேறில்லை. விழுங்கிவிட்டு, வெளிநாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவரும் குடிமகனே என்று 1898-இல் வோங் கிம் ஆர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சொன்னேன். அவர் கேட்டதால் சொன்னேன். முட்டை, 2025 ஜனவரியில் டசனுக்கு சராசரி 4.95 டாலர், அதுவரை இல்லாத உச்சம். அதைக் கேட்டதும் என் கட்சிக்காரர்கள் முகத்தில் ஒரு சின்னக் களிப்பு தெரிந்தது. விலைவாசி ஏறினால் மகிழும் நிலைக்கு வந்திருக்கிறோம்; இதையும் என் தோல்விக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

டிசம்பர் நடுவில், புதுக் கண்ணாடி செய்ய ஆகும் செலவை நினைத்து, லெவிட்டவுனுக்குத் தனியாகக் காரில் போனேன். செயலியை அதற்குள் அணைத்துவிட்டிருந்தார்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் தெருக்களில் அரை மணி நேரம் சுற்றித்தான் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். அதே தொப்பி. என்னைப் பார்த்ததும், “வருவீர்கள் என்று தெரியும்” என்று உள்ளே போய் ஒரு கவரை எடுத்துவந்து கொடுத்தார். உள்ளே என் கண்ணாடி. கவரின்மேல் பென்சிலால் ‘கமலாவின் ஆள்’ என்று எழுதியிருந்தது. பென்சில் எழுத்துக்கு அடியில், ‘அதிகாரப்பூர்வ வாக்குச்சீட்டு’ என்று அச்சு.

“கீறல் விழாமல் இருக்கட்டும் என்று அதில் போட்டு வைத்தேன்” என்றார். “தபாலில் இரண்டு கவர் அனுப்பியிருந்தார்கள். அரசாங்கத்துக்கு எப்போதும் இதே வேலை, ஒன்று போதாதா? ஒன்றில் போட்டு அனுப்பிவிட்டேன், இது மிச்சம்.”

கையில் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் வாக்கு எண்ணப்பட்டிருக்காது. அது யாருக்குப் போட்ட வாக்கு என்று நான் கேட்கவில்லை. உறைகளின் சட்டம், அதன் காரணம், அதன்மேல் நடந்த வழக்குகள் எல்லாம் வரிசையாக எனக்குத் தெரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முட்டை இப்போது என்ன விலை என்று கேட்டேன்.

“உள்ளே வாருங்கள், ரசீது இருக்கிறது” என்றார்.